அரச அலுவலகத்தில் ஊழியர் தேர்ச்சியை வளர்ப்பது எப்படி: மேசைக் கோவையில் (file) தொடங்கும் வழிகாட்டி

ஆண்டின் கடைசிக் காலாண்டு வந்தால் கொழும்பில் பல அரச அலுவலகங்களின் நிர்வாகக் கிளையில் ஒரே கேள்வி எழும்: பயிற்சிப் பணத்தில் மீதி இருக்கிறதே, யாரை எதற்கு அனுப்பலாம்? உடனே எந்தப் பயிற்சி நிறுவனத்தில் எந்தப் பாடநெறிக்கு இடம் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். ஓய்வாக இருப்பவரின் பெயர் போகும். அவர் இரண்டு நாள் போய், சான்றிதழோடு வந்து, பழைய கதிரையில் பழைய வேலையைப் பழைய மாதிரியே செய்வார். பணம் செலவாகும், வருகைப் பதிவும் இருக்கும், தேர்ச்சி, அதாவது வேலையைச் சரியாகச் செய்யும் திறன், மட்டும் வராது.

இந்த வழிகாட்டி நிர்வாக உத்தியோகத்தர், கிளைத் தலைவர், மனிதவள விடயத்துக்குப் பொறுப்பானவர் ஆகியோருக்கானது. பாடநெறிப் பட்டியலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் மேசையில் கிடக்கும் கோவையைப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒரு சட்டப் பின்னணி. 2018 ஜனவரி 24ஆம் திகதிய 02/2018 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி ஒவ்வொரு நிறுவனமும் மனிதவளத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு ஆகக்குறைந்தது 12 மணித்தியாலப் பயிற்சியை உறுதிசெய்ய வேண்டும். அனைவருடனும் வருடாந்தச் செயலாற்றுகை உடன்படிக்கை கைச்சாத்திடப்பட வேண்டும். இவற்றுக்குச் சிரேஷ்ட உத்தியோகத்தர் ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்பட வேண்டும். வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையில் இந்த நான்கும் தனித்தனியாகக் கேட்கப்படும். “ஒவ்வொரு ஊழியரும்” என்பதில் சாரதியும் அலுவலகப் பணியாளரும் அடக்கம். பல இடங்களில் வருகைப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வருவது அதே ஐந்தாறு பெயர்தான்.

படி 1: பிழைகளைச் சேருங்கள் (மூன்று கிழமை)

“உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?” என்று படிவம் கொடுத்துக் கேட்காதீர்கள். ஆங்கிலம், கணினி, தலைமைத்துவம் என்ற மூன்று விடைதான் வரும். மூன்றும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவற்றை வைத்து எதையும் திட்டமிட முடியாது. வேலை எங்கே தடக்குகிறது என்பது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. இவற்றை எடுங்கள்:

கடந்த இரண்டு ஆண்டுகளின் கணக்காய்வு ஐயவினாக்கள் (கணக்காய்வாளர் விளக்கம் கேட்டு அனுப்பியவை). கணக்குக் கிளை மூன்று மாதத்தில் திருப்பியனுப்பிய வவுச்சர்கள், அவற்றில் ஒட்டியிருக்கும் குறிப்புத்துண்டுகளோடு. தகவல் அறியும் உரிமைக் கோரிக்கைப் பதிவேடு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி கோரிக்கை மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், எத்தனை பிந்தின என்று பதிவேடே சொல்லும். பொதுமக்கள் முறைப்பாட்டுப் புத்தகம். கிளைத் தலைவர் சிவப்புப் பேனாவால் திருத்திய கடித வரைவுகளில் ஒரு முப்பது.

ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: வேலை, பிழை, எந்தக் கதிரை, எத்தனை தடவை. ஆளின் பெயரை எழுதாதீர்கள், கதிரையை, அதாவது அந்த வேலைக்குரிய பதவியை, எழுதுங்கள். பெயர் எழுதிய கணமே அது குற்றப்பத்திரிகையாகிவிடும். பிறகு ஒருவரும் உங்களிடம் கோவையைக் காட்ட மாட்டார்கள். அதிக தடவை வந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள்.

படி 2: இது தேர்ச்சிக் குறையா, வேறு குறையா?

இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் மிச்சம் எல்லாம் வீண். பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போதும்: இதே ஆள் இதே வேலையை எப்போதாவது சரியாகச் செய்திருக்கிறாரா?

செய்திருந்தால், அவருக்குத் தெரியும். இன்று செய்யாததற்குக் காரணம் வேறு. வவுச்சர் பிந்துவது கையொப்பமிடும் அதிகாரி கிழமையில் மூன்று நாள் கூட்டங்களில் இருப்பதால் என்றால், அதற்கு மருந்து நிதிப் பிரமாணம் (அரச நிதி விதி) 135இன் கீழான அதிகாரக் கையளிப்பைத் திருத்துவது. எழுதுவினைஞரைச் செயலமர்வுக்கு அனுப்பி அதைத் தீர்க்க முடியாது. ஒருவர் மூன்று விடயங்களுக்குப் பதிற்கடமை பார்ப்பதால் பிழை வருகிறது என்றால் அது பதவியணிக் குறை, அதாவது ஆள் பற்றாக்குறை.

தமிழ்க் கடிதங்களில் அடிக்கடி காணும் ஒன்று: பாமினி என்ற, யுனிக்கோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும், தேடவும் முடியாது. இதைக் “கணினி அறிவுக் குறை” என்று எழுதி முப்பது மணித்தியாலப் பாடநெறி போடுவார்கள். தேவைப்படுவது யுனிக்கோட் விசைப்பலகையை நிறுவ ஒரு காலைப்பொழுது, விரல் பழக இரண்டு கிழமை, பாமினியில் வரும் வரைவை ஏற்காமல் திருப்பும் ஒரு கிளைத் தலைவர். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஒரு மாதத்தில் மறைந்துபோகும்.

ஒருபோதும் சரியாகச் செய்ததில்லை, அல்லது விதியே மாறிவிட்டது என்றால்தான் அது பயிற்சிக்குரியது. 2006ஆம் ஆண்டின் பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டல்களுக்குப் பதிலாகப் புதியவை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் இங்கே புதியவர்தான். இன்னும் சொன்னால், பழையதை மறக்கவேண்டிய வேலை அவருக்குக் கூடுதலாக இருக்கிறது.

படி 3: கதிரைக்குத் தேர்ச்சி எழுதுங்கள்

பாடசாலை ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்தவர்களுக்குத் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்ற சொற்கள் பழக்கமானவை. அதே பொருளில்தான் இங்கும். அறிவு, கைப்பழக்கம், மனப்பாங்கு மூன்றும் சேர்ந்து ஒரு வேலையில் வெளிப்படுவது தேர்ச்சி. கண்ணால் பார்க்க முடியாததை எழுதாதீர்கள். “பெறுகை பற்றிய நல்ல விளக்கம்” என்பதை யாராலும் அளக்க முடியாது.

கடமைப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கதிரைக்கு ஆறு முதல் எட்டுத் தேர்ச்சிகள் எழுதுங்கள். நாற்பது எழுதினால் ஆவணம் அழகாக இருக்கும், அலுமாரியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு மட்டம்:

0 – செய்யத் தெரியாது.
1 – பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார்.
2 – தனியே, திருத்தமின்றிச் செய்வார்.
3 – வழக்கத்துக்கு மாறான நிலை வந்தாலும் சமாளிப்பார், மற்றவருக்கும் சொல்லிக்கொடுப்பார்.

கொள்வனவு விடயம் பார்க்கும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தருக்கு ஒரு தேர்ச்சியை எடுத்துக்கொள்வோம்: “விலைமனு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தல்”. மட்டம் 1இல் இருப்பவர் விலைகளை வரிசைப்படுத்துவார், ஆகக் குறைந்ததை வட்டமிடுவார். மட்டம் 2இல் இருப்பவர் முதலில் விவரக்குறிப்போடு ஒவ்வொரு மனுவையும் ஒப்பிட்டு, இணங்காததைக் காரணம் எழுதி ஒதுக்கி, வரி சேர்ந்ததா சேராததா என்று சமப்படுத்தி, பிறகுதான் குறைந்த விலையைப் பார்ப்பார். மட்டம் 3இல் இருப்பவர் ஒரே ஒரு மனு வந்தால் என்ன செய்வது, மூன்று மனுவும் ஒரே கையெழுத்தில் இருந்தால் யாரிடம் சொல்வது என்று அறிந்திருப்பார். இப்படி எழுதியதைப் படித்தால் அந்தக் கதிரையில் இருப்பவருக்கே தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். அதுதான் நல்ல விவரணத்தின் அடையாளம்.

எல்லாரும் மட்டம் 3ஐ எட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தேர்ச்சிக்கும் அலுவலகத்தில் மட்டம் 3இல் ஒருவர், மட்டம் 2இல் இன்னும் இருவர் இருந்தால் போதும். ஒருவர் மகப்பேற்று விடுமுறையில் போனாலும் இடமாற்றம் வந்தாலும் வேலை நிற்காது.

படி 4: அளவிடுங்கள், ஆனால் படிவத்தால் வேண்டாம்

சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாரும் மூன்று போடுவார்கள். கிளைத் தலைவர் போடும் மதிப்பெண்ணும் சம்பள ஏற்றப் படிவத்தின் பழக்கத்தில் “மிக நன்று” ஆகிவிடும். வேலை மாதிரியைக் கொடுங்கள். முடிந்துபோன உண்மையான கோவை ஒன்றில் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவற்றை மறைத்துப் பிரதி எடுங்கள். அதில் மூன்று பிழைகளைச் செருகுங்கள்: கொள்வனவுக் கட்டளையில் ஒரு திகதி முந்தியிருக்கட்டும், கையிருப்புப் புத்தகப் பதிவு விடுபட்டிருக்கட்டும், மொத்தத்தில் ஓர் இலக்கம் பிசகட்டும். அரை மணித்தியாலம். பிழைகளைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

முகப்பில் மக்களைச் சந்திக்கும் கதிரைக்கு எழுத்து மாதிரி பொருந்தாது. பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்து, வந்தவர் எத்தனை தடவை திரும்பி வரவேண்டியிருந்தது, தேவையான ஆவணங்கள் எல்லாம் முதல் தடவையே சொல்லப்பட்டனவா, எந்த மொழியில் சொல்லப்பட்டன என்று குறியுங்கள்.

இருவர் தனித்தனியே மட்டத்தைத் தீர்மானித்துப் பிறகு ஒப்பிட வேண்டும். இருவருக்கும் இடையில் ஒரு மட்டத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் விவரணத்தில்தான் கோளாறு, அதைத் திருத்துங்கள். பெறுபேறு அந்த உத்தியோகத்தருக்கும் அவரது நேரடி மேலதிகாரிக்கும் இடையில் நிற்கட்டும். இதைச் சம்பள ஏற்றத்தோடோ வினைத்திறமைகாண் தடைதாண்டற் பரீட்சையோடோ முடிச்சுப் போடாதீர்கள். அந்தப் பரீட்சை பதவி நிரந்தரத்துக்கும் தரவுயர்வுக்குமானது, அதற்காகப் படிப்பது வேறு, மேசை வேலையில் தேறுவது வேறு. முடிச்சுப் போட்ட மறுநாளே எல்லாரும் தம் பலவீனத்தை மறைக்கத் தொடங்குவார்கள்.

படி 5: வழியைத் தெரிவுசெய்யுங்கள்

இங்கேதான் பாடநெறிப் பட்டியல் மேசைக்கு வரலாம். அப்போதும் முதலில் உள்வீட்டைப் பாருங்கள். 0இலிருந்து 1க்கு ஒரு கையேடும் இரண்டு மணித்தியால விளக்கமும் போதும். 1இலிருந்து 2க்குப் போக, மட்டம் 3இல் இருப்பவரின் பக்கத்தில் அமர்ந்து ஐந்தாறு உண்மையான கோவைகளைச் செய்து முடிக்க வேண்டும். இதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. 2இலிருந்து 3க்குத்தான் வெளிப் பாடநெறி பலன் தரும், ஏனென்றால் அடிப்படை தெரிந்தவருக்கே விரிவுரையில் கேட்கக் கேள்வி இருக்கும்.

கொழும்பில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினையில்லை. நிர்வாகம், தாபன விதிக்கோவை (அரச ஊழியருக்கான சேவை விதிகள்), ஒழுக்காற்று நடவடிக்கை, முகாமைத்துவம் என்றால் கொழும்பு 07 மலலசேகர மாவத்தையில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம், எல்லாரும் ஸ்லிடா என்பார்களே, அது. அரச நிதி, கணக்கு, பெறுகைக்கு கோட்டை பிரிஸ்டல் வீதியில் மிலோதா நிதிக் கற்கைகள் நிலையம். இரண்டாம் மொழிக்கு இராஜகிரியவில் அரசகரும மொழிகள் திணைக்களம். சாரதி, மின்னியலாளர், குழாய்ப் பொருத்துநர் போன்றோருக்கு விரிவுரை மண்டபம் பொருந்தாது. அவர்களுக்கு ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், ஏற்கெனவே கைவந்த வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. பத்து ஆண்டு வேலை தெரிந்தவரைத் தொடக்கத்திலிருந்து படிக்கச் சொல்லத் தேவையில்லை.

மொழியைப் பற்றி

கொழும்பு அலுவலகங்களில் தமிழ்மொழி மூல உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு இரண்டு மூன்று பேர். செயலமர்வு சிங்களத்தில் நடக்கும். அவர்களும் போய் இருப்பார்கள், தலையாட்டுவார்கள், பேச்சுச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் அலுவலகச் சிங்களம் வேறொரு மொழி. “பிரசம்பாதன” என்று வளவாளர் (பயிற்றுநர்) சொல்லும்போது அது பெறுகை என்று பிடிபடுவதற்குள் அடுத்த வசனம் போய்விடும். வேலை தெரிந்தவரும் இந்த இடத்தில் தெரியாதவராகத் தோன்றுவார், மதிப்பீட்டிலும் அப்படியே பதிவாவார். இது அளவீட்டுப் பிழை.

செய்யவேண்டியது: பயிற்சிக்கு ஒரு கிழமை முன் வளவாளரிடம் விளக்கப்படங்களை வாங்குங்கள். அதிலுள்ள துறைச்சொற்களில் முப்பது நாற்பதை எடுத்து மூன்று நிரலில் போடுங்கள்: சிங்களச் சொல் தமிழ் எழுத்தில், தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல். ஆயதன சங்கிரஹய என்றால் தாபன விதிக்கோவை, முதல் ரெகுலாசி என்றால் நிதிப் பிரமாணங்கள், சக்கரலேகய என்றால் சுற்றறிக்கை. ஒரு பக்கத்தாள். அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். சுற்றறிக்கைகளின் தமிழ்ப் பிரதியைப் பொது நிர்வாக அமைச்சின் இணையத்தளத்தில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு இருந்தால் விடையைத் தமிழில் எழுத இடமுண்டா என்று பெயர் அனுப்பும்போதே கேளுங்கள், மண்டபத்துக்குப் போய்க் கேட்டால் பிந்திவிடும்.

மறுபக்கமும் உண்டு. முகப்பில் இருக்கும் சிங்களமொழி உத்தியோகத்தருக்கு இரண்டாம் மொழிச் சான்றிதழ் இருக்கலாம், ஆனால் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்த அம்மாவிடம் “எந்தப் பத்திரம் குறைகிறது” என்று சொல்ல வராது. பொது மொழிப் பாடநெறி முடிந்தபின், அந்த முகப்பில் நாளும் பேசப்படும் இருபத்தைந்து வசனங்களை மட்டும் எடுத்து, பக்கத்து மேசைத் தமிழ் உத்தியோகத்தரோடு தினம் பத்து நிமிடம் பேசிப் பழகச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் முகப்பிலேயே தெரியும். பதிலுக்கு அவர் சிங்களக் கடித வரைவு சொல்லிக்கொடுக்கலாம். அலுவலகத்துக்குக் காசு செலவில்லை.

படி 6: மணித்தியாலக் கணக்கும் பணமும்

60 பேர் உள்ள அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 60 × 12 = 720 ஆள்-மணித்தியாலம். நாளுக்கு ஆறு மணித்தியாலப்படி, 20 பேருக்கு இரண்டு நாள் வெளிச் செயலமர்வு நடத்தினால் 240. மூன்றில் ஒரு பங்கு முடிந்தது, ஆனால் மற்ற 40 பேர் பூச்சியத்தில் நிற்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு மணித்தியால உள்ளக வகுப்பு வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24. அதில் தனக்குரிய எட்டுக்கு ஒருவர் வந்து, மேலும் நான்கு மணித்தியாலம் பக்கத்து மேசையில் பழகினால் அவரது 12 நிறைந்துவிடும். மேசைப் பயிற்சியையும் திகதி, நேரம், கோவை இலக்கம், இருவரின் கையொப்பம் சகிதம் ஒரு புத்தகத்தில் பதியுங்கள். பதிவில்லாத பயிற்சி கணக்காய்வின் கண்ணில் நடக்காத பயிற்சிதான்.

பணம் மூலதனச் செலவின் 2401ஆம் செலவின விடயத்தில் வரும். நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. செலவிடாதது டிசம்பர் 31உடன் போய்விடும். ஆகவே அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டைத் திறைசேரி கேட்கும்போது, படி 1 முதல் 4 வரை முடிந்த தாள் கையில் இருக்க வேண்டும். “பயிற்சிக்கு 10 இலட்சம்” என்று எழுதினால் வெட்டுவார்கள். “கடந்த மூன்று மாதத்தில் 46 வவுச்சர் திரும்பின, அதைக் குறைக்க இந்த நான்கு கதிரைக்கு இந்தப் பாடநெறி” என்று உங்கள் உண்மையான எண்ணோடு எழுதினால் வாதிட இடமிருக்கும்.

நாட்காட்டியில் முதலில் அடைக்கவேண்டியவை: ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஜனவரி, பெப்ரவரி, ஏப்ரல் புத்தாண்டுக் கிழமை, வெசாக், டிசம்பர் முழுவதும். பொதுமக்கள் தினத்தில் வகுப்பு வேண்டவே வேண்டாம். வெளிச் செயலமர்வை 9.30க்கு முன் தொடங்காதீர்கள். ஹோமாகமவிலிருந்தும் மொரட்டுவையிலிருந்தும் வருகிறவர்கள் வீதி நெரிசலில் நிற்கும்போது முதல் மணித்தியாலம் வெற்றுக் கதிரைகளுக்குப் போகும்.

படி 7: வகுப்பு

20 பேருக்கு மேல் வேண்டாம். வளவாளருக்கு உங்கள் பிழைப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, தம் வழக்கமான விளக்கப்படத்தில் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடமான கோரிக்கைதான், ஆனால் நல்ல வளவாளர் சந்தோசப்படுவார். மூன்று மணித்தியாலத்தில் பேச்சு ஒன்று, கோவை வேலை இரண்டு என்ற பங்கீடு. அனுப்பப்படும் ஒவ்வொருவரும் தன் மேசையிலிருந்து தீராத கோவை ஒன்றோடு போகட்டும்.

படி 8: முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள்

பயிற்சி முடிவில் கொடுக்கும் பின்னூட்டப் படிவம் மதியச் சாப்பாட்டையும் மண்டபக் குளிரையும் அளக்கும். பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் வகுத்த நான்கு மட்டங்களில் அது முதலாவது மட்டும்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அலுவலகத்துக்குப் பலன் வந்ததா. மூன்றாவதும் நான்காவதும்தான் நமக்குத் தேவை.

திரும்பி வந்த முதல் கிழமையிலேயே, கற்றதைச் செய்யவைக்கும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டும். பெறுகைப் பயிற்சி முடித்து வந்தவரைத் தபால் விடயத்துக்குப் போடுவது நாம் அடிக்கடி செய்யும் அநியாயம். முப்பதாம் நாள் வேறொரு வேலை மாதிரியால் மட்டத்தை மீண்டும் பாருங்கள். தொண்ணூறாம் நாள் படி 1இன் தாளை எடுத்து அதே நிரலை மறுபடி எண்ணுங்கள். திரும்பிய வவுச்சர் குறையவில்லை, ஆனால் மாதிரியில் மட்டம் 2 வந்துவிட்டது என்றால், படி 2இல் நீங்கள் தவறவிட்ட வேறு காரணம் ஒன்று இருக்கிறது. அதே பாடநெறிக்கு இன்னொருவரை அனுப்பாதீர்கள்.

படி 9: இடமாற்றத்துக்கு முன்

பல அலுவலகங்களுக்கும் பொதுவான ஒன்றிணைந்த சேவையில் உள்ளவர் எப்போதும் உங்களிடம் இருக்கமாட்டார். வருடாந்த இடமாற்றக் கடிதம் வந்ததும், ஓராண்டு வளர்த்த தேர்ச்சி பேருந்து ஏறிப் போய்விடும். அதைத் தடுக்க முடியாது, வழக்காடவும் வேண்டாம்.

மட்டம் 3ஐ எட்டிய ஒவ்வொருவரும் தம் விடயத்துக்கு மேசைக் கையேடு எழுத வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது: ஆண்டில் எந்த மாதம் என்ன அறிக்கை யாருக்கு, எந்தச் சுற்றறிக்கை இப்போது செல்லுபடியாகும், எந்தப் படிவம், அடிக்கடி வரும் பிழை ஐந்து, நன்றாக முடிந்த மாதிரிக் கோவை ஒன்றின் இலக்கம். எழுதியவருக்கு ஒரு மட்டம் கீழே இருப்பவர் அதை மட்டும் வைத்து ஒரு கோவையை முடித்துப் பார்க்கட்டும். எங்கே தடக்குகிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள். விடுவிப்புக் கடிதத்தில் கையொப்பமிடுமுன் நிர்வாக உத்தியோகத்தர் பார்க்கவேண்டிய ஒப்படைப்புப் பட்டியலில் சாவி, கணினிக் கடவுச்சொல், கையிருப்பு ஆகியவற்றோடு இந்தக் கையேட்டையும், ஐந்து வேலை நாள் பக்கத்தில் இருந்து பழக்கியதற்கான பயிற்சிப் புத்தகப் பதிவையும் சேர்த்துவிடுங்கள்.